மதுரையில் வெளியே சாப்பிடுவது: வேளையும் வீதியும்

மதுரையில் எந்தக் கடைக்குப் போவது என்று யோசிப்பதற்கு முன்னால் மணி என்ன என்று பார்க்க வேண்டும். இந்த ஊரில் பேரெடுத்த கடைகள் பெரும்பாலும் ஒரு பண்டத்துக்கோ ஒரு வேளைக்கோ பேரெடுத்தவை. காலை ஏழு மணிக்குச் சுடச்சுட இட்லி எடுத்துத் தட்டும் கடையில் பதினொரு மணிக்கு வெறும் பாத்திரம்தான் இருக்கும். கறிச் சாப்பாட்டுக்குக் கூட்டம் அலைமோதும் மெஸ்ஸில் மூன்றரை மணிக்கு உட்கார்ந்தால், தீர்ந்துபோன அயிட்டங்களின் பட்டியலைத்தான் கேட்க நேரும். பரோட்டாக் கல் சூடேறுவது மாலையில். பகலில் கேட்பவருக்கு, முன்பே போட்டு அடுக்கியதைச் சூடு காட்டித் தருவார்கள். எல்லா வேளையும் எல்லாம் உண்டு என்று தடித்த மெனு அட்டை நீட்டும் பெரிய ஹோட்டல்களும் இருக்கின்றன. அவசரத்துக்கும் குடும்பத்தோடு நிம்மதியாக உட்காரவும் அவை உதவும். மதுரைச் சாப்பாடு எப்படி என்று அறிய வந்தவருக்கு அவை போதாது.

வேளைக்கு அடுத்தது வீதி. பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்கான சதுரங்களாக அமைந்தது: உள்ளே சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு மாரட் வீதிகளும் வெளி வீதிகளும் உருவாயின. ஒவ்வொரு சதுரத்துக்கும் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கம் இருப்பதால், முகவரியில் மேல, கீழ என்ற முன்னொட்டைத் தவறவிட்டால் கோயிலை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியதுதான். ஆட்டோக்காரரிடம் கடைப் பெயரைவிடப் பக்கத்து அடையாளத்தைச் சொல்வதே நல்லது: விளக்குத்தூண், சிம்மக்கல், பெரியார் பேருந்து நிலையம், கோரிப்பாளையம்.

கோயிலை ஒட்டிய வீதிகளில் சைவ டிபன் கடைகள் அதிகம். வெளிச் சுற்றுக்கு வரவர பிரியாணியும் கறி மெஸ்களும் கூடும். வைகைப் பாலத்தைத் தாண்டினால் கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று இன்னொரு சாப்பாட்டு வட்டாரம். இது பொதுவான போக்கு மட்டுமே. மாசி வீதியில் நல்ல பரோட்டாவும் வெளி வீதியில் நல்ல இட்லியும் கிடைக்கத்தான் செய்யும்.

காலை

இட்லி, பொங்கல், வடை, தோசை எல்லாம் மற்ற ஊர்களில் உள்ளவைதான். வேறுபாடு சட்னியில் இருக்கிறது. ஓர் இலையில் தேங்காய், தக்காளி, புதினா அல்லது மல்லி, காரம் என்று மூன்று நான்கு வண்ணம் விழும். சாம்பார் அதற்கு மேல். இங்கே தொடங்கி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன முருகன் இட்லிக் கடை இந்தப் பழக்கத்தைத்தான் வெளியூர்களுக்கு எடுத்துச் சென்றது. சட்னி எத்தனை முறை கேட்டாலும் ஊற்றுவார்கள், தனிக் காசு கிடையாது. நெய்யும் பொடியும் அப்படியல்ல; பெரும்பாலும் பில்லில் ஏறும்.

மேலச் சித்திரை வீதியில் கோபு ஐயங்கார் கடையின் வெள்ளை அப்பம் தனிப்பட்டது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி, சிவக்கவிடாமல் எடுப்பது. அதற்குக் காரச் சட்னி. இரண்டோடு நிறுத்திக்கொண்டு காபி சொல்வது நல்லது, ஏனெனில் அப்பம் வயிற்றில் மெதுவாகத்தான் கரையும். காபிக்கென்றே போக விரும்புபவருக்குக் கோரிப்பாளையத்து விசாலம் காபிக் கடை இருக்கிறது. அங்கே நின்றுகொண்டே குடித்துவிட்டுக் கிளம்புபவர்கள்தான் அதிகம்.

கோயிலைப் பொறுத்துக் காலைக் கணக்கு ஒன்று உண்டு. நடை பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் சாத்தி நான்கு மணிக்குத் திறப்பதால், தரிசனம் முடித்தவர்கள் ஒரே நேரத்தில் சித்திரை வீதிக் கடைகளுக்குள் நுழைகிறார்கள். பதினொன்றரைக்குள் டிபனை முடித்துக்கொள்வதோ, கொஞ்சம் தள்ளி மாசி வீதிக்கு நடந்துவிடுவதோ காத்திருப்பைக் குறைக்கும்.

மதியம்: மெஸ்

மெஸ் என்ற பெயர் மாதக் கணக்கில் சாப்பாடு போட்ட காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. இப்போது அது மதியம் இலை போட்டு, சோற்றோடு கறிக் குழம்பு ஊற்றும் அசைவச் சாப்பாட்டுக் கடையைக் குறிக்கிறது. தல்லாகுளத்து அம்மா மெஸ், சந்திரன் மெஸ், பல கிளைகள் கொண்ட குமார் மெஸ், சிம்மக்கல் கோனார் மெஸ் ஆகியவை வெளியூரிலும் அறியப்பட்டவை. பேரில்லாத சின்ன மெஸ்களிலும் முறை ஒன்றுதான்.

உட்கார்ந்ததும் இலை வரும். நுனி இடப் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் துடைத்தபின் கூட்டு, பொரியல், அப்பளம், அதன்பின் சோறு. சாப்பாட்டு விலைக்குள் அடங்குவது சோறு, கூட்டு, பொரியல், ரசம், மோர், அவற்றோடு குழம்பு வகைகள். மட்டன் குழம்பு, கோழிக் குழம்பு, மீன் குழம்பு, சில இடங்களில் நண்டுக் குழம்பு, எல்லாம் வாளி வாளியாக வரும்; ஆனால் துண்டு இருக்காது. துண்டு வேண்டுமென்றால் அது தொடுகறி, அதற்குத் தனி விலை. முதன்முறை வருபவருக்குப் பில் எகிறுவது இந்த இடத்தில்தான்.

காரணம் தட்டு. சர்வர் ஒரு பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு மேசைக்கு வருவார். மட்டன் சுக்கா, ஈரல், குடல், தலைக்கறி, மூளை, சுவரொட்டி, இரத்தப் பொரியல், கோலா உருண்டை, காடை, நெத்திலி, விரால் வறுவல். ஒவ்வொன்றின் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லி, “சூடா இருக்குண்ணே, வைக்கவா?” என்பார். தலையாட்டினால் கிண்ணம் இலையோரம் இறங்கிவிடும். எதையும் வற்புறுத்துவதில்லை, ஏமாற்றுவதும் இல்லை. விலைப் பலகை சுவரில் இருக்கும். ஆனால் பசியோடு இருப்பவர் பலகையைப் பார்ப்பதில்லை. வைப்பதற்கு முன் “என்ன வெலைண்ணே?” என்று கேட்பதில் இங்கே யாருக்கும் கூச்சமில்லை, கேட்பவரைக் குறைவாகப் பார்ப்பதும் இல்லை. இருவர் போனால் தொடுகறி இரண்டு போதும். மூன்று நான்கு வாங்கிப் பகிர்வது நான்கு பேருக்கு மேல் போகும்போது கட்டுப்படியாகும்.

ஆட்டின் உள்ளுறுப்புகளில் மதுரைக்குத் தனிக் கைப்பக்குவம் உண்டு. சுவரொட்டி என்பது மண்ணீரல். ஈரலைவிட மென்மையானது, மிளகு தூக்கலாக வதக்குவார்கள். குடல் குழம்பு நன்றாகக் கழுவியிருக்கிறதா என்பது முதல் வாயிலேயே தெரியும், வாடை அடித்தால் ஒதுக்கிவிடுவதே சரி. உள்ளுறுப்பு பழக்கமில்லாதவர்கள் கோலா உருண்டையில் தொடங்கலாம். கொத்துக்கறியைத் தேங்காய், பொட்டுக்கடலையோடு அரைத்து உருட்டிப் பொரித்தது அது. அம்மா மெஸ்ஸின் எலும்பு மஜ்ஜை ஆம்லெட் பரவலாகப் பேசப்பட்ட பண்டம்.

அயிரை மீன் குழம்புதான் மெஸ் பட்டியலின் உச்சம், விலையிலும். கண்மாய்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் கிடைக்கும் விரல்நீளத்துக்கும் குறைந்த மீன் இது. உயிரோடு வாங்கி, பாலிலோ தேங்காய்ப் பாலிலோ நீந்தவிட்டு வயிற்று மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்புப் போட்டு உரசி அலசியபின் புளிக் குழம்பில் முழுசாகப் போடுகிறார்கள். முள்ளோடு மென்று விழுங்குவதுதான் முறை. கண்மாயில் தண்ணீர் உள்ள மாதங்களில் நல்ல மீன் வரும். கோடையில் பட்டியலில் பெயர் இருந்தாலும் கிண்ணத்தில் எண்ணிக்கை குறையும். வெறும் அயிரைக் குழம்பைச் சாப்பாட்டோடு ஊற்றும் கடைகளும் உள்ளன. ருசி பார்க்க அதுவே போதும்.

கறி தோசை கோனார் மெஸ்ஸோடு சேர்த்துப் பேசப்படுவது. ஊத்தப்பம் போலத் தடித்த தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் வதக்கிய மட்டன், மூன்றும் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும்படி திருப்பிப் போட்டு அழுத்தி எடுக்கிறார்கள். அவசரப்படுத்தினால் உள்மாவு வேகாது. ஒருவருக்கு ஒன்று தாராளம்; அதைச் சாப்பிட்டபின் இலைச் சாப்பாடு என்பது வீண்.

பிரியாணி வேண்டுவோருக்குக் கீழ வெளி வீதி அம்சவல்லி பவன் பழைய பெயர். சீரகச் சம்பா அரிசி, இலை மணம், அடக்கமான மசாலா. பாஸ்மதியில் நீளமாகப் பிரிந்து நிற்கும் பிரியாணியை எதிர்பார்ப்பவருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். மதியத்தில் முதல் இரண்டு அண்டாவுக்குள் போய்விட வேண்டும்.

சைவச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவுச் சாப்பாடு தட்டில், முழுச் சாப்பாடு இலையில். முன்னதில் மறுசோறு கிடையாது. ஏசி அறையில் அதே சாப்பாட்டுக்கு விலை கூடுதல் என்பதை மாடிப்படி ஏறுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

மாலை: வண்டிகளும் குளிர்பானமும்

நான்கு மணிக்கு மேல் ஊரின் சாப்பாடு கடைக்குள்ளிருந்து தெருவுக்கு வருகிறது. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வெங்காய வடை, ஆமவடையோடு பால்பன் இருக்கும். பெயரில் பன் இருந்தாலும் அது பேக்கரிப் பண்டமல்ல. மைதா மாவை இனிப்பாகப் பிசைந்து எண்ணெயில் பொரித்த உருண்டை, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு.

தெற்கு மாசி வீதி, பந்தடித் தெருப் பக்கம் சௌராஷ்டிரர்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி. அங்கே முள்ளுமுருங்கை வடை கிடைக்கும். கல்யாண முருங்கை இலையைப் பச்சரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்தது; பூரி போல உப்பி, அடர்பச்சையாக இருக்கும். மேலே காரப் பொடி தூவித் தருவார்கள். சளிக்கு நல்லது என்று வாங்குபவர்களும் உண்டு. ஆறினால் தோல் போல இழுக்கும் என்பதால் வண்டியருகிலேயே தின்றுவிட வேண்டும்.

பருத்திப்பால் வண்டியைப் பித்தளைப் பாத்திரத்தை வைத்து அடையாளம் காணலாம். மதுரையைச் சுற்றியும் தெற்கேயும் உள்ள கரிசல் பூமி பருத்தி விளைந்த நிலம், விதைக்குக் குறைவில்லை. பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, ஆட்டி, பலமுறை பிழிந்து பாலெடுத்து, அரிசி மாவு கரைத்துக் காய்ச்சுகிறார்கள். கருப்பட்டியோ வெல்லமோ, சுக்கு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் சேரும். சூடாகக் குடிப்பது. சரியாகக் காய்ச்சியதில் கொட்டையின் பச்சை வாடை இருக்காது. சுக்கு தொண்டையில் லேசாக உறைக்க வேண்டும். அதிகாலையிலும் இந்த வண்டிகள் நிற்கும். இரவுப் பேருந்தில் வந்திறங்கியவருக்கு டீயைவிட இது நல்ல துணை.

ஜிகர்தண்டா இல்லாமல் மதுரை இனிப்பைப் பேச முடியாது. விளக்குத்தூண் பக்கத்தில் பேமஸ் ஜிகர்தண்டா கடை இதற்குப் பெயர்போனது. இன்று ஊரெங்கும், தமிழ்நாடெங்கும் பலகைகள் பெருகிவிட்டன. ஒரு தம்ளருக்குள் போவது நான்கு: ஊறிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், கடையில் செய்த ஐஸ்கிரீம். இதில் பாலும் ஐஸ்கிரீமும்தான் கடைக்குக் கடை வேறுபடும். நீண்ட நேரம் சுண்டிய பால் வெண்மையாக இருக்காது, பழுப்பேறியிருக்கும்; ஐஸ்கிரீமும் பாலேட்டு நிறத்தில், லேசாகத் திரிதிரியாக இருக்கும். பால் பளிச்சென்று வெள்ளையாக, ஐஸ்கிரீம் கடையில் வாங்கிய வெனிலாவாக இருந்தால் அது நன்னாரி போட்ட மில்க் ஷேக் மட்டுமே. பாக்கெட்டில் வாங்கிய பாலைக் காய்ச்சிப் பொறுமையாகச் சுண்டவைக்க ஆகும் விறகும் நேரமும் எல்லாக் கடையும் செலவழிப்பதில்லை.

சாதா, ஸ்பெஷல் என்று இரண்டு மூன்று அளவு இருக்கும். ஸ்பெஷலில் ஐஸ்கிரீமும் பாசுந்தியும் கூடும். முதல்முறை குடிப்பவருக்குச் சாதாவே சரியான தொடக்கம், ஏனெனில் அதில்தான் நன்னாரி மணம் பாலுக்கு அடியில் அமுங்கிப்போகாமல் தெரியும். கலக்காமல் மேலிருந்து கரண்டியால் எடுத்தால் முதலில் ஐஸ்கிரீமும் கடைசியில் வெறும் பிசினும்தான் மிஞ்சும். அடிவரை ஒரு முறை கிளறிவிடுவது வழக்கம். பிசின் வழுவழுவென்று தொண்டைக்குள் நழுவுவது சிலருக்குப் பிடிக்காது. அவர்கள் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லலாம். நேரம் மதியம் மூன்று முதல் இரவு வரை எப்போதும் பொருந்தும். கறிச் சாப்பாடு முடித்த கையோடு குடிப்பது மட்டும் வேண்டாம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேமா விலாஸில் அல்வா சுடச்சுடக் கிடைக்கும். கோதுமைப் பாலில் செய்து நெய் மிதக்கும் அல்வாவைச் சின்ன இலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். நூறு கிராமுக்கு மேல் ஒரே இருப்பில் முடியாது. தின்றபின் ஒரு கை காராச்சேவு வாயில் போடுவது இங்குள்ள பழக்கம், திகட்டலுக்கு அதைவிட நல்ல மாற்று கிடையாது. நாகப்பட்டினம் நெய் மிட்டாய்க் கடையின் அல்வாவும் பழைய பெயர். இரண்டில் எது மேல் என்ற வழக்கு ஊருக்குள் தீர்ந்தபாடில்லை.

ரம்ஜான் மாதத்தில் காஜிமார் தெருப் பள்ளிவாசலைச் சுற்றிய பகுதி மாலையில் வேறு உருவெடுக்கும். நோன்புக் கஞ்சி, சமோசா, கறி வடை. நோன்பு திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போனால் கூட்டத்தில் சிக்காமல் வாங்கலாம்.

இரவு: பரோட்டா

பரோட்டாக் கடையைத் தேர்வதற்குப் பலகையைப் பார்க்க வேண்டாம், மாஸ்டரின் கையைப் பார்த்தால் போதும். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையைத் தட்டி, வீசி, கண்ணாடித் தாள் போல விரித்து, மடித்துச் சுருட்டிக் கல்லில் போடுகிறார். வெந்ததும் நான்கைந்தை அடுக்கி இரு பக்கமும் கைகளால் ஓங்கி அடிக்கும்போதுதான் அடுக்குகள் பிரியும். அந்த அடி விழாத கடையில் பரோட்டா ரப்பர்தான்.

பேர்கள் பல. சாதா, முட்டை, வீச்சு, சிலோன், கொத்து. சுருளைத் தட்டையாக்காமல் தடிமனாகவே விட்டு எண்ணெய் தாராளமாக ஊற்றிச் சுடுவது பன் பரோட்டா. சொல்லும் முறை: “ரெண்டு பிச்சுப் போட்டு சால்னா ஊத்துங்கண்ணே.” பரோட்டாவைப் பிய்த்து இலையில் பரப்பி, மேலே சால்னாவைக் கொட்டி ஊறவிடுவது மதுரை வழி. துண்டில்லாத குழம்புக்கு எம்ப்டி சால்னா என்று பெயர், அதற்குக் காசில்லை. சிக்கன் சால்னா என்று சொன்னால் துண்டும் வரும், விலையும் வரும். கூட ஒரு கலக்கி சொல்லலாம்: பாதி வெந்த முட்டையில் சால்னாவைக் கலந்து, கல்லில் ஒரு புரட்டுப் புரட்டித் தருவது. பச்சை முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஆம்லெட்டோடு நிற்பது பத்திரம்.

தூங்கா நகரம் என்ற பெயரை நம்பி இரவு ஒரு மணிக்குக் கிளம்புபவர் பெரியார், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையங்கள், ரயில் நிலையம் ஆகியவற்றின் சுற்றுப்புறத்தையே நாட வேண்டும். அங்கே தள்ளுவண்டி இட்லி கிடைக்கும், ஆவி பறக்கும். சட்னியைத்தான் மோந்து பார்க்க வேண்டும். மாலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி நள்ளிரவில் புளித்திருக்கும். சந்தேகமிருந்தால் பொடியும் எண்ணெயும் போதும்.

பில், சுத்தம், நாள் கிழமை

சாதாரண ஹோட்டல்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 நவம்பர் முதல் ஏசி உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் ஒரே விகிதம். சிறு கடைகள் தொகுப்பு வரித் திட்டத்தில் இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி தனியாக வாங்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், மதுரை மெஸ்களில் அது அநேகமாகக் கிடையாது. சர்வருக்குப் பத்து, இருபது ரூபாய் வைப்பது மனதைப் பொறுத்தது. வண்டிக் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. ஆனாலும் அதிகாலைப் பருத்திப்பாலுக்குச் சில்லறை கையில் இருக்கட்டும்.

பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் 2022 ஜனவரி முதல் கட்டாயம். புகார் சொல்ல அந்த எண் உதவும். வண்டிகளைப் பொறுத்தவரை எண்ணைத் தேடுவதைவிடக் கண்ணை நம்பலாம்: கண்ணெதிரே கல்லிலிருந்தும் வாணலியிலிருந்தும் இறங்குவது பெரும்பாலும் பாதுகாப்பானது; ஆபத்து தண்ணீரிலும் உடைத்த ஐஸிலும் மூடாத சட்னியிலும். கறுத்து நுரைத்த எண்ணெய் உள்ள வடைச்சட்டியைத் தாண்டிவிட வேண்டும். வடையைச் செய்தித்தாளில் வைத்துப் பிழிவது தடை செய்யப்பட்ட பழக்கம். அச்சு மை உடம்புக்கு ஆகாது. இலையில் கேட்டால் தருவார்கள்.

காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் ஆகியவற்றில் இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் மெஸ்களில் பாதிப் பட்டியல் இருக்காது, சில திறக்கவே மாட்டா. புரட்டாசி சனிக்கிழமைகளில் அசைவக் கடையில் இடம் எளிதாகக் கிடைக்கும். ஞாயிறு மதியம் இதற்கு நேரெதிர். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் சாப்பிடத் திட்டமிடுவது வீண், வண்டி போகாது. அன்று ஊரெங்கும் நீர்மோர்ப் பந்தல்களும் அன்னதானமும் இருக்கும்.

கட்டிக்கொண்டு போவது

2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், குழம்புக்குத் தூக்குவாளியோ டப்பாவோ கொண்டுபோனால் கடைக்காரருக்கும் வசதி. சூடான சால்னாவைப் பையில் ஊற்றித் தரச் சொல்லாமல் இருப்பதே நல்லது. பரோட்டா இலைப் பொட்டலத்தில் இரண்டு மணி நேரம் தாங்கும். கறி தோசை அரை மணிக்கு மேல் ஊறிக் கொழகொழத்துவிடும். ஜிகர்தண்டாவைப் பாட்டிலில் விற்கிறார்கள், ரயில் திருமங்கலம் தாண்டுவதற்குள் குடித்துவிட வேண்டும். நெய் அல்வாவைப் பற்றிக் கவலையில்லை. ஈரக் கரண்டி படாமல் இருந்தால் சில நாள் வெளியிலேயே இருக்கும், நெய் உறைந்தால் இட்லிப் பானை ஆவியில் காட்டிக்கொள்ளலாம்.